திரையரங்கு இல்லாத ஊரில் திரைப்பட விழா

நுழையுமுன்

ஒரு திரைப்படம் நன்றாக அமைந்துவிட்டால் நடிகரையும் இயக்குநரையும் இசையமைப்பாளரையும் பாராட்டுவது உலக வழக்கம். எடுத்து முடித்த படத்தைச் சுமந்து சென்று மக்கள் முன்னிலையில் வைப்போரின் பெயர் பெரும்பாலும் எவருக்கும் தெரிவதில்லை. அத்தகையோருள் சிலரைப் பற்றியது இப்பாடம்.

பாடம்

இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில், தௌலாதார் மலைத்தொடரின் சரிவில் அமைந்த ஊர் தர்மசாலா. ஊரின் கீழ்ப்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரத்தில் உள்ளது. வளைந்து வளைந்து செல்லும் சாலையில் மேலும் ஏறினால் தேவதாரு மரங்களுக்கு இடையே மெக்லியாட்கஞ்ச் என்னும் மேலூர் தோன்றும். 1905ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் காங்ராப் பள்ளத்தாக்கை உலுக்கிய நிலநடுக்கத்தில் இவ்வூர் பெரிதும் அழிந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின்னர் அதற்கு வேறொரு வாழ்வு வாய்த்தது. 1959இல் திபெத்தை விட்டு வெளியேறிய தலாய் லாமா, 1960இல் இங்கு வந்து தங்கினார். அவரைத் தொடர்ந்து வந்த திபெத்திய மக்கள் கோயில் எழுப்பினர், பள்ளி அமைத்தனர், தங்கள் இசையும் கூத்தும் மறையாதிருக்க நிகழ்த்துகலை நிறுவனம் ஒன்றையும் இங்கே நிலைபெறச் செய்தனர்.

அப்பள்ளியின் தொடக்கம் நினைவில் கொள்ளத்தக்கது. மலைச்சாலை அமைக்கும் பணியில் பெற்றோர் கல்லுடைத்துக் கொண்டிருக்க, முகாம்களில் நோயுற்றுக் கிடந்த 51 குழந்தைகள் 1960ஆம் ஆண்டு மே மாதம் தர்மசாலாவுக்கு அழைத்து வரப்பட்டனர். அக்குழந்தைகளுக்கென ஏற்பட்ட காப்பகமே பின்னாளில் திபெத்தியக் குழந்தைகள் கிராமம் என்னும் பெரும் பள்ளியாக வளர்ந்தது. பிறந்த மண்ணைக் கண்ணால் காணாமலே அம்மண்ணின் மொழியை எழுதப் படிக்கக் கற்கும் குழந்தைகள் அங்கு உள்ளனர். வெளிமாநிலத்தில் இருந்துகொண்டு தமிழ் கற்கும் மாணவர்க்கு இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

கோயிலும் பள்ளியும் கலைக்கூடமும் அமைந்த இவ்வூரில் 2012ஆம் ஆண்டில்கூட முறையான திரையரங்கு இல்லை. அவ்வாண்டு நவம்பரில்தான் முதலாவது தர்மசாலா பன்னாட்டுத் திரைப்பட விழா நடைபெற்றது. அதனைத் தொடங்கியவர் இருவர். ஒருவர், தில்லியில் பிறந்த ரித்து சரீன். மற்றவர், அவருடைய கணவர் தென்சிங் சோனம். திபெத்திய ஏதிலிப் பெற்றோருக்கு டார்ஜிலிங்கில் பிறந்தவர். இருவரும் தில்லிப் பல்கலைக்கழகத்தில் படித்த நாளிலேயே அறிமுகமானவர்கள். பின்னர் அமெரிக்காவில் திரைப்படக் கல்வி பெற்று, இலண்டனில் சில காலம் பணியாற்றி, 1996இல் தர்மசாலாவில் குடியேறினர். இருவரும் இணைந்து இயக்கிய ஆவணப்படங்கள் பல. 'டிரீமிங் லாசா' போன்ற கதைப்படங்களும் உண்டு.

தாங்கள் எடுத்த படங்களோடு உலகெங்கும் விழாக்களுக்குச் சென்று வந்தவர்கள் ஆதலால், விழா நடத்துவோரின் துணிவு எத்தகையது என்பதையும் அவர்கள் நேரில் கண்டிருந்தனர். 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாம் ஸ்பிரிங்ஸ் நகரத்து விழாவில், திபெத்தைப் பற்றி அவர்கள் எடுத்த ஆவணப்படம் ஒன்று இடம் பெற்றிருந்தது. அதனை நீக்குமாறு சீன அதிகாரிகள் கேட்டனர். விழாக் குழுவினர் மறுத்தனர். அதனால் சீனப் படங்கள் இரண்டு அவ்விழாவிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. இரண்டு படங்களை இழந்தாலும் ஏற்றுக்கொண்ட படத்தைக் கைவிடுவதில்லை என்பது அவ்விழாவினரின் முடிவு. இந்நிகழ்ச்சி நடந்து மூன்றாண்டு நிறைவதற்குள் ரித்து சரீனும் தென்சிங் சோனமும் தாமே ஒரு விழாவின் பொறுப்பை ஏற்றனர்.

திரைப்பட விழா என்பது இந்தியாவுக்குப் புதிதன்று. 1952இல் பம்பாயில் தொடங்கிய முதலாவது இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழா, பிற நகரங்களோடு சென்னைக்கும் சென்றது. ஆனால் அது அரசு நடத்திய விழா. தனித்து இயங்கும் சிறு விழாவுக்கு அரசுக் கருவூலமும் இல்லை. பெருநிறுவனத்தின் ஆணையும் இல்லை. நன்கொடையும் சிறுசிறு நிதியுதவியும் நுழைவுச்சீட்டு வருவாயும் சேர்ந்தே அதன் செலவை ஈடுகட்ட வேண்டும். ஓராண்டு விழா முடிந்ததும் அடுத்த ஆண்டுக்கு யாரிடம் கேட்பது என்னும் கவலை தொடங்கிவிடும். கையேந்துவதில் கூச்சம் உடையவர்கள் இப்பணிக்கு வருவது கடினம்.

தர்மசாலா விழா போட்டியின்றித் தொடங்கியது. தங்கப் பதக்கம் இல்லை, முதற்பரிசு இல்லை, நட்சத்திரங்கள் நடந்துவரச் சிவப்புக் கம்பளமும் இல்லை. பரிசு வைத்தால் செய்தித்தாள்கள் எளிதில் எழுதும். பணம் தருவோரும் விரும்புவர். எனினும் பரிசு என்று வந்துவிட்டால், வென்ற படத்தைப் பற்றி மட்டுமே எல்லாரும் பேசிக்கொண்டு ஊர் திரும்புவர். பரிசில்லாத விழாவில், காலைப் பொழுதில் பாதி நிரம்பிய அரங்கில் காட்டப்பட்ட சிறிய படத்திற்கும் மாலையில் காட்டப்பட்ட பெரிய படத்திற்கும் ஒரே மதிப்பு. இவ்வகையில் அது நல்ல முடிவே.

இனி, விழாவுக்குப் பின்னால் நடக்கும் வேலையைக் காண்போம். முதல் வேலை, படம் தேர்தல். எத்தனையோ நாடுகளிலிருந்து படங்கள் வந்து குவியும். தேர்வுக் குழுவினர் மாதக்கணக்கில் அமர்ந்து அவற்றைப் பார்க்க வேண்டும். நான்கு நாள் விழாவில் இடம் மிகக் குறைவு. ஆகவே ஒன்றை ஏற்பதற்குப் பலவற்றை மறுக்க நேரும். மறுக்கப்படுவன யாவும் தாழ்ந்த படங்கள் அல்ல. நகையை அடகு வைத்தோ நண்பர்களிடம் கடன் வாங்கியோ எடுத்த முதற்படமாகவும் ஒன்று இருக்கலாம். அதை எடுத்தவருக்கு, 'இம்முறை இடமில்லை' என்று எழுதும் கடிதமே இப்பணியில் மிகக் கடினமான எழுத்து.

ஒரு விழாவில் இடம் கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் ஒரு படத்தின் வாழ்வை எவ்வளவு மாற்றும் என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. மதுரையை அடுத்த வறண்ட நிலத்தில், கொதிக்கும் வெயிலில் ஒரு தந்தையும் மகனும் நடந்து செல்வதைக் காட்டும் 'கூழாங்கல்', பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய முதற்படம். பாட்டு இல்லை, சண்டை இல்லை, பெயர் பெற்ற நடிகரும் இல்லை. 2021இல் நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் விழாவில் அது முதன்மைப் பரிசான புலி விருதை வென்றது. அவ்வாண்டு இந்தியாவின் சார்பில் ஆஸ்கர் போட்டிக்கும் அனுப்பப்பட்டது. அத்தகைய படத்தையே மக்கள் இணையவழியில் காண 2023 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகள் அப்படத்திற்கு வீடாக இருந்தவை விழாக்களே. பரிசு பெறாத படங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. விழா அரங்கில் காணாவிட்டால் அவற்றை ஒருவேளை எங்குமே காண இயலாது.

தேர்ந்த பின் அனுமதி பெற வேண்டும். தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படத்தை இந்தியாவில் பொதுமக்களுக்குக் காட்ட இயலாது. விழாவுக்கு வரும் அயல்நாட்டுப் படங்கள் பலவற்றுக்கு அச்சான்றிதழ் இராது. எனவே, விழாவில் பதிவு செய்துகொண்டோருக்கு மட்டும் காட்ட, தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொரு படத்தின் கதைச்சுருக்கமும் விவரமும் அத்துடன் செல்ல வேண்டும். நாள் நெருங்கியும் பதில் வாராதபோது அலுவலகத்தில் இருப்போர்க்கு உறக்கம் வருவதில்லை.

அடுத்து வருவது இடம். திரையரங்கு இல்லாத ஊரில் திரையரங்கை உண்டாக்க வேண்டும். திபெத்திய நிகழ்த்துகலை நிறுவனத்தின் மண்டபமும், மேலே கூறிய குழந்தைகள் கிராமப் பள்ளியின் வளாகமும் வெவ்வேறு ஆண்டுகளில் விழாவுக்கு இடமளித்துள்ளன. காற்றடைத்து நிறுத்தும் நடமாடும் திரையரங்குகளும் வந்ததுண்டு. கூடாரத்தைப் போல் எழும்பி நிற்கும் அவற்றின் உள்ளே இருக்கைகளும் திரையும் அமைந்திருக்கும்.

மண்டபத்தில் ஒரு வெண்திரையைக் கட்டிவிட்டால் போதாதா என்று தோன்றலாம். போதாது. பள்ளி மண்டபம் வெளிச்சம் நிறைய வரும்படி கட்டப்பட்டது. திரைப்படத்திற்கு இருள் வேண்டும். ஆகவே ஒவ்வொரு சன்னலையும் கறுப்புத் துணியால் மூட வேண்டும். கதவிடுக்கில் ஒரு விரற்கடை ஒளி நுழைந்தாலும் இரவுக் காட்சி வெளுத்துவிடும். வெறுஞ்சுவரில் ஒலி மோதி எதிரொலித்தால் உரையாடல் குழம்பும். சுவர்களில் கனத்த திரைச்சீலை தொங்கவிட வேண்டும். பின்வரிசையில் அமர்ந்தவருக்கு முன்வரிசைத் தலைகள் மறைக்காமல், திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகள் தெரிய வேண்டும். அவ்வரிகள் மறைந்தால், அறியாத மொழிப் படம் அறியாததாகவே போய்விடும். அகல இரயில்பாதை பதான்கோட்டோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் எந்தப் பெட்டியாயினும் மலைச்சாலையில்தான் ஏறி வர வேண்டும்.

பழங்காலத்தில் படம் சுருள்களாக வரும். ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடும். இன்று அது ஒரு சிறு வன்தட்டில் அடங்கி வருகிறது. சுமை குறைந்தது, கவலை குறையவில்லை. திருட்டைத் தடுக்க, கோப்பினைப் பூட்டி அனுப்புகின்றனர். அதனைத் திறக்கும் எண்முறைச் சாவி தனியே வரும். குறித்த கருவியில், குறித்த நாள் நேரத்திற்குள் மட்டுமே அச்சாவி திறக்கும். மின்தடையால் காட்சி தள்ளிப்போய், சாவிக்குரிய நேரமும் கடந்துவிட்டால் படம் திறவாது. கடல் கடந்து வேறொரு நாட்டில் உறங்கிக்கொண்டிருப்பவரை எழுப்பிப் புதிய சாவி கேட்க வேண்டும். அரங்கில் இருநூறு பேர் காத்திருக்க, கருவி அறையில் நிற்கும் இளைஞரின் நெஞ்சு எப்படித் துடிக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். படம் ஓடத் தொடங்கியபின் அவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் சரியாக வேலை செய்தார் என்பதற்கு அதுவே அடையாளம்.

இப்பணிகளுள் பெரும்பகுதி தன்னார்வலர்களால் நடைபெறுகிறது. உள்ளூர் இளைஞரும் வெளியூர் மாணவரும் ஊதியம் கருதாது வருகின்றனர். நாற்காலி அடுக்குதல், சீட்டைச் சரிபார்த்தல், வழிதெரியாத விருந்தினரை மேட்டுப்பாதையில் அழைத்து வருதல், கேள்வி கேட்பவரிடம் ஒலிவாங்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தல் என வேலைகள் பல. நவம்பரில் மாலை மங்கியதும் குளிர் இறங்கிவிடும். வாயிலில் நிற்பவர்க்குப் படம் பார்க்கும் வாய்ப்பும் அரிது. இமயமலைப் பகுதிகளைச் சேர்ந்த இளம் இயக்குநர் சிலரைத் தேர்ந்தெடுத்து, அனுபவமிக்க இயக்குநரோடு பழகிக் கற்கச் செய்யும் திட்டமும் இவ்விழாவில் உண்டு. விழா நாள்களுக்கு அப்பாலும் உள்ளூர்ப் பள்ளிகளில் படங்கள் திரையிடப்படுகின்றன.

2020இல் கொரோனாத் தொற்றினால் ஒன்றுகூடல் இயலாமற்போகவே, விழா இணையத்துக்கு மாறியது. 2021இலும் அவ்வாறே. தர்மசாலாவுக்கு வர இயலாதவரும் வீட்டிலிருந்தே படங்களைக் கண்டனர். அது ஒரு நன்மை. ஆயினும் படம் முடிந்து விளக்கு எரிந்ததும் இயக்குநர் எழுந்து முன்னே வருவதும், பின்வரிசையிலிருந்து ஒரு பள்ளி மாணவி தயங்கித் தயங்கிக் கேள்வி கேட்பதும், பதில் தெரியாமல் இயக்குநர் சற்றே மௌனமாவதும் இணையத்தில் அதே வகையில் நிகழ்வதில்லை. 2022 நவம்பரில் விழா மீண்டும் மலைமேல் நடைபெற்றது. சன்னல்கள் மீண்டும் கறுப்புத் துணியால் மூடப்பட வேண்டியிருந்தன.

சொல்லும் பொருளும்

ஏதிலி – தாய்நாட்டைவிட்டு அடைக்கலம் தேடி வந்தவர்
கருவூலம் – அரசின் பணம் வைக்கப்படும் இடம்
விரற்கடை – ஒரு விரலின் அகலம்
தன்னார்வலர் – தாமே முன்வந்து உழைப்பவர்

சிந்தித்து எழுதுக

1. பரிசு வழங்காத விழாவை நல்லது என்று பாடம் கூறுகிறது. இக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் தருக.
2. பாம் ஸ்பிரிங்ஸ் விழாக் குழுவினர் எதை இழந்தனர்? எதைக் காத்தனர்?
3. 'படம் ஓடத் தொடங்கியபின் அவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை' – உங்கள் பள்ளி விழாவில் இவ்வாறு உழைப்பவர் யார்? அவரைப் பற்றி எட்டு வரிகள் எழுதுக.

செயல்பாடு

உங்கள் வகுப்பில் ஒரு நாள் குறும்பட விழா நடத்துவதாகக் கொள்க. பத்துப் படங்கள் வந்துள்ளன. மூன்றுக்கே நேரம் உண்டு. இடம் பெறாத படத்தை எடுத்த மாணவருக்கு, அவர் மனம் நோகாதவாறும் உண்மை குறையாதவாறும் ஒரு கடிதம் எழுதுக.