நூறாண்டு கடந்த உணவகம்

ஒரு குடும்பம் தொடங்கிய வணிகம் நூறாண்டு நிலைப்பது அரிது. தொடங்கியவரின் உழைப்பு மட்டும் அதற்குப் போதாது. பின்வரும் தலைமுறைகளும் அப்பொறுப்பை ஏற்க வேண்டும்.

பினாங்கு, ஜார்ஜ்டவுன் கேம்பல் வீதியிலுள்ள ஹமீதியா உணவகம் இதற்குச் சான்றாகும். தமிழகத்திலிருந்து வந்த முகமது தம்பி ராவுத்தர் 1907ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். அக்காலத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள், தோளில் தாங்கிய கழியின் இருமுனைகளிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றனர். துறைமுகத் தொழிலாளர்கள் விரும்பி வாங்கி உண்டனர். மலாய்மொழியில் ‘நாசி’ என்றால் சோறு. இவ்வாறு கழியில் சுமப்பதைக் ‘கண்டார்’ என்பர். ‘நாசி கண்டார்’ என்னும் பெயர் இப்படித்தான் பிறந்தது.

2007ஆம் ஆண்டில் ஹமீதியா நூறாண்டை நிறைவு செய்தது. அந்த நூறாண்டில் பினாங்கு இரண்டு உலகப் போர்களையும் ஜப்பானியர் ஆட்சியையும் 1957ஆம் ஆண்டு விடுதலையையும் கண்டது. காலம் மாறியது, கழி போய்க் கடை வந்தது. ஆயினும், வணிகம் அக்குடும்பத்தாரின் கையிலேயே தொடர்ந்தது.

இன்று ஜார்ஜ்டவுனில் மட்டுமன்றி, நிபோங் திபால் போன்ற சிற்றூர்களிலும் பல இனத்தவரும் நாசி கண்டாரை விரும்பி உண்கின்றனர். நூற்றாண்டுப் பெருமை அடுப்பை முதலில் மூட்டியவருக்கு மட்டும் உரியதன்று. அதனை அணையாமல் காத்த வழித்தோன்றல்களுக்கும் உரியது.