சினை ஆட்டுக்கு ஸ்டீராய்டு ஊசி: குட்டியின் சிறுநீரகம் பாதிக்கும்

செம்மறி ஆட்டின் சினைக் காலம் சுமார் 150 நாட்கள். குட்டியின் சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் ஏறத்தாழ 130 நாட்களுக்குள் உருவாகி முடிகின்றன. பிறந்த பின் புதிதாக உண்டாவதில்லை. எனவே கருவில் ஏற்படும் குறை ஆயுள் முழுவதும் நீடிக்கும்.

தாயின் உடலில் சுரக்கும் கார்ட்டிசாலின் பெரும்பகுதி குட்டியை எட்டாமல் நஞ்சுக்கொடி தடுத்துவிடுகிறது. ஆனால் டெக்ஸாமெத்தசோன் இத்தடையை எளிதில் கடந்துவிடும்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர ஆராய்ச்சியாளர்கள் சினையின் 27ம் நாளையொட்டி ஆடுகளுக்கு இரண்டே நாட்கள் இம்மருந்தைச் செலுத்தினர். பிறந்த குட்டிகளுக்கு வளர்ந்தபின் இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது 1998ல் தெரிய வந்தது. அவற்றின் நெஃப்ரான்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு என்பது 2003ல் வெளியாயிற்று. 64ம் நாளையொட்டி மருந்து பெற்ற ஆடுகளின் குட்டிகளுக்கு இரத்த அழுத்தம் உயரவில்லை. சிறுநீரகம் உருவாகத் தொடங்கும் காலம் ஆபத்தானது.

அந்த நாட்களில் ஆடு சினை என்பது வெளியே தெரியாது. ஆகவே கிடா சேர்ந்த தேதியைக் குறித்து வைப்பது அவசியம். சினையின் கடைசிக் கட்டத்தில் இதே ஊசி குறைப்பிரசவத்தையும் உண்டாக்கலாம். வீக்கம், நொண்டல் ஆகியவற்றுக்கு இம்மருந்தைத் தாமாக வாங்கிப் போடக்கூடாது. சிகிச்சைக்குமுன் தேதியைக் கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவசியம் என்று அவர் கருதினால் மட்டுமே ஊசி போடலாம்.