அலாய் வீலில் பூக்கும் வெள்ளை: பாலிஷ் போடும் முன் கொஞ்சம் கெமிஸ்ட்ரி

"அலுமினியம் துருப்பிடிக்காது." ஸ்கூல்ல எல்லாரும் படிச்சதுதான். அப்படின்னா பழைய கார்களோட அலாய் வீல் மட்டும் ஏன் சாம்பல் பூசின மாதிரி மங்கிப்போகுது? சில இடத்துல வெள்ளையா மாவு மாதிரி ஏன் உதிருது?

தண்டலம் பஸ் ஸ்டாப்பில் நின்றால் புது கார்களை ஏற்றிக்கொண்டு போகும் டிரெய்லர்களைப் பார்க்கலாம். நம்ம பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் புல்லட் என்று வண்டிகள் தயாராகின்றன. இந்த ஏரியாவில் படிக்கிற நமக்கு அலுமினியம் வெறும் பாடப்புத்தக உலோகம் இல்லை. 1924-ல் பிரான்சின் லியோன் நகரில் நடந்த கிராண்ட் பிரி பந்தயத்துக்கு புகாட்டி டைப் 35 வார்ப்பு அலுமினிய வீல்களோடு வந்தது. அதிலிருந்து இன்றுவரை இந்த வீல்களைத் தேய்த்து மினுக்குகிற வேலையும் தொடர்கிறது. உங்களிடம் கிளாசிக் கார் இல்லையா? பரவாயில்லை. மாமாவோட பழைய புல்லட்டில் இருக்கும் அலுமினிய இன்ஜின் கவருக்கும் இதே பாடம்தான்.

அந்த வெள்ளை என்ன?

அலுமினியம் காற்றில் பட்ட உடனே ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும். மேலே சில நானோமீட்டர் தடிமனில் அலுமினியம் ஆக்சைடு படலம் உருவாகும். இரும்புத் துரு மாதிரி இது உரிந்து விழாது. உலோகத்தை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு, உள்ளே ஆக்சிஜன் போகாமல் தடுக்கும். அதாவது, அலுமினியத்தைக் காப்பாற்றுவதே அந்த ஆக்சைடுதான்.

இந்தக் கவசத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, உப்பில் இருக்கும் குளோரைடு. ஈ.சி.ஆர். பக்கம் ஓடும் வண்டிகளுக்கு இது நல்லாவே தெரியும். குளோரைடு படலத்தில் சின்னச் சின்ன ஓட்டை போடும். அந்த ஓட்டைகளில் அரிப்பு நடந்து, வெள்ளையான ஹைட்ராக்சைடு மாவு வெளியே தள்ளப்படும். இரண்டாவது, பி.ஹெச். அளவு. சுமார் 4-க்கும் 8.5-க்கும் இடையில் இருக்கும்வரை படலம் பத்திரம். அதற்குக் கீழே அமிலமும், மேலே காரமும் அதைக் கரைத்துவிடும். அதனால்தான் வீட்டில் அலுமினியப் பாத்திரத்தை சலவை சோடா போட்டுக் கழுவினால் கறுத்துப்போகிறது. சிலர் அலாய் வீலில் பாத்ரூம் ஆசிட் ஊற்றுவார்கள். அதில் அமிலமும் இருக்கு, குளோரைடும் இருக்கு. இரண்டு எதிரியையும் நாமே கூப்பிட்டு வீட்டில் உட்கார வைப்பது மாதிரி.

முதலில் ஒரு டெஸ்ட்

வீலின் உள்பக்கம், கண்ணுக்குத் தெரியாத ஒரு இடத்தில் மெட்டல் பாலிஷ் கொஞ்சம் வைத்து வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணி கறுப்பானால் அது வெறும் அலுமினியம். கறுக்கவே இல்லை என்றால் மேலே கிளியர் கோட் இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி கோடுகள் தெரிந்தால், கல் பட்டுப் பெயர்ந்த இடம் வழியாக ஈரம் உள்ளே போயிருக்கிறது. கோட்டிங்கை எடுக்காமல் மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அந்தக் கோடு போகாது.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்

1. வீலைக் கழற்றி, ஆறவிட்டு, சாதாரண கார் ஷாம்பூவால் கழுவுங்கள். பிரேக் தூசியில் இரும்புத் துகள் இருக்கும். அது போகாமல் தேய்த்தால் கீறல்தான் மிச்சம். வண்டியை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு, சுற்றும் வீலில் துணியைப் பிடிக்கும் 'ஷார்ட்கட்' வேண்டவே வேண்டாம். துணி மாட்டினால் கையும் சேர்ந்து போகும்.

2. விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். நம்ம லேபில் செய்யும் டை பெனட்ரன்ட் டெஸ்ட் இங்கே உதவும். இதைத் தேய்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். அலுமினியம் மென்மையானது. தேய்க்கும்போது உலோகம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடலாம். அப்புறம் டை உள்ளே போகாது, விரிசலும் தெரியாது. விரிசல் இருந்தால் அந்த வீலை ஓட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

3. கிளியர் கோட் இருந்தால் பெயின்ட் ரிமூவரால் எடுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். ஆனால் தீ காட்டி உரிக்கக் கூடாது. பெரும்பாலான வார்ப்பு வீல்கள் சுமார் 7% சிலிக்கானும் கொஞ்சம் மக்னீசியமும் சேர்ந்த ஏ356 மாதிரியான கலவை. அதன் வலிமை டி6 ஹீட் ட்ரீட்மென்டில் வந்தது. கடைசிக் கட்ட ஏஜிங் நடப்பதே சுமார் 150 முதல் 180 டிகிரியில்தான். பர்னர் சூடு அதைத் தாண்டிப் போய் வலிமையைக் குறைக்கும்.

4. வாட்டர் பேப்பரில் 400, 600, 800, 1000, 1500, 2000 என்று ஏறுங்கள். தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பூ. ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள். முந்தைய கீறல் முழுசா மறைந்த பிறகுதான் அடுத்த பேப்பர். லேசான மங்கலுக்கு 1000-லிருந்தே ஆரம்பிக்கலாம். ஆழமான குழியைத் துரத்திப் போகாதீர்கள். நீங்கள் எடுப்பது அழுக்கு இல்லை, வீலையே. டயர் உட்காரும் விளிம்பு, ஹப்பில் பதியும் முகம், நட்டு உட்காரும் இடம் மூன்றையும் தொடவே கூடாது.

5. பருத்தித் துணி வீலில் பாலிஷ் பார் தடவி பஃபிங். நிறைய பாலிஷ் பார்களில் தேய்க்கும் துகளே அலுமினியம் ஆக்சைடுதான்! மோஸ் அளவில் அதன் கடினம் 9, அலுமினியம் 3-க்கும் கீழே. இரும்பு தேய்த்த பழைய பஃப், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். இரும்புத் துகள் பதிந்தால் அங்கிருந்தே புது அரிப்பு தொடங்கும்.

6. வெறும் அலுமினியமாக விடுவதானால் மெழுகு பூசுங்கள். மழைக்காலத்தில் அடிக்கடி பூச வேண்டியிருக்கும். திரும்ப மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி செக் பண்ணுங்கள்.

இந்தத் தூசியைக் கவனியுங்கள்

மேலே சொன்னது ஒரு வீலுக்கு. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பாலிஷ் செய்யும் பட்டறையில் கதை வேறு. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 1 செ.மீ. பக்கமுள்ள அலுமினியக் கனசதுரத்தின் பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 10 மைக்ரான் கனசதுரங்களாக நொறுக்கினால் 100 கோடி துண்டுகள், மொத்தப் பரப்பு 6,000 சதுர செ.மீ. காற்று தொடும் இடம் ஆயிரம் மடங்கு! அலுமினியம் முழுதாக ஆக்சைடானால் கிராமுக்கு சுமார் 31 கிலோஜூல் வெப்பம் வரும். நல்ல நிலக்கரியோடு போட்டி போடும் அளவு. வீலின் மேல் கவசமாக இருந்த அதே வினை, காற்றில் மிதக்கும் தூசியில் வெடிப்பாக மாறும்.

இது வெறும் தியரி இல்லை. 2014 ஆகஸ்ட் 2 அன்று சீனாவின் குன்ஷான் நகரில், கார்களுக்கான அலுமினிய வீல்களை பாலிஷ் செய்யும் தொழிற்சாலையில் தூசி வெடித்தது. 146 பேர் இறந்தார்கள். தூசி சேகரிக்கும் அமைப்பைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. தேங்கிய அலுமினியத் தூசியில் ஈரம் பட்டு, வினை நடந்து, தானாகவே சூடேறிப் பற்றிக்கொண்டது என்று விசாரணை சொன்னது.

அதனால் வீட்டில் செய்தாலும் சில விஷயங்கள் கட்டாயம். உலர்ந்த தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள். வாட்டர் பேப்பரில் வந்த சாம்பல் நிறச் சேற்றை மூடி இறுக்கிய டப்பாவில் வைக்காதீர்கள், ஹைட்ரஜன் சேரும். தூசி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, உலர்ந்த மணல்தான். மூக்குக்கு நல்ல மாஸ்க்.

இங்கே படிக்கிற பலருக்கு இன்டர்ன்ஷிப்போ வேலையோ ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏதாவது ஒரு காஸ்டிங் யூனிட்டில் கிடைக்கலாம். பஃபிங் செக்‌ஷன் பக்கம் போனால் மூன்று கேள்வி கேளுங்க: டஸ்ட் கலெக்டரைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தாங்க? இரும்பும் அலுமினியமும் ஒரே மெஷினில் தேய்க்கிறாங்களா? உலர்ந்த மணல் வாளி எங்கே இருக்கு? டிரெய்னி கேட்கிற கேள்விதானே என்று சிலர் சிரிக்கலாம். இருந்தாலும் கேளுங்க. அந்த மெஷின் முன்னாடி எட்டு மணி நேரம் நிற்கிற அண்ணனுக்கு அந்தப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.