புற்றுநோய் டாக்டரிடம் போகுமுன்...

பெரிய ஆஸ்பத்திரிகளில் மணிக்கணக்கில் காத்திருந்தாலும், டாக்டரிடம் பேசக் கிடைப்பது சில நிமிடம்தான். அதை வீணாக்காமல் இருக்கச் சில குறிப்புகள்.

1. மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், விடாத குரல் கம்மல், மார்பிலோ கழுத்திலோ கட்டி, மலத்தில் ரத்தம், மாதவிடாய் நின்று வருடங்கள் கழித்து மீண்டும் ரத்தப்போக்கு: இவற்றில் எது இருந்தாலும் உடனே காட்டுங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயாக இருப்பதில்லை. ஆனால் 'வலிக்கவில்லையே' என்று சும்மா இருந்துவிடாதீர்கள். மார்பகப் புற்றுக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

2. ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று பயந்து பயாப்சியைத் தள்ளிப்போடுகிறார்கள். இந்தப் பயத்தில் கழியும் மாதங்கள்தான் ஆபத்து. அதேபோல, என்ன கட்டி என்று பரிசோதிக்காமலே பக்கத்து கிளினிக்கில் அதை வெட்டி எடுத்துவிடவும் வேண்டாம். பின்னால் சரியான ஆபரேஷன் செய்வது சிக்கலாகிவிடும்.

3. ஒரே ஃபைலில் எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக அடுக்குங்கள். செல்போனில் படமும் எடுத்து வையுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை முதல் சித்த மருந்து வரை சாப்பிடும் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி மேலே வையுங்கள். நாட்டு மருந்தை டாக்டரிடம் மறைக்கவே கூடாது. சில மூலிகைகள் கீமோ மருந்தோடு சேர்ந்து கல்லீரலைப் பாதிக்கலாம்.

4. கேட்க வேண்டியதை வீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இது எந்த வகைப் புற்று? எந்த நிலை? சிகிச்சை முழுக் குணத்துக்கா, நோயைக் கட்டுப்படுத்தி வைக்கவா? ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு எந்த வரிசையில், எத்தனை மாதம்? கையிலிருந்து எவ்வளவு செலவாகும்? இனிமேல் குழந்தை பெற வேண்டியவர்கள், அதற்கு என்ன வழி என்று கீமோ தொடங்கும் முன்பே கேட்க வேண்டும். அதற்குப் பிறகு கேட்டால் காலம் கடந்துவிடலாம்.

கூட ஒருவர் போய்ப் பதில்களை எழுதிக்கொள்ளட்டும். கெட்ட செய்தி கேட்ட காதில் அடுத்த வார்த்தை ஏறாது.

5. "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்" என்று நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைகள் உள்ளே போவது நம் வீடுகளில் சாதாரணம். பாசத்தால்தான் செய்கிறார்கள். ஆனால் முடி கொட்டுவதும் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் பேசுவதும் எல்லாவற்றையும் சொல்லிவிடும். உடம்பு அவருடையது, அவரும் கேட்கட்டும்.

6. இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதில் தவறில்லை. பயாப்சியின் ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் முதலில் பார்த்த லேபில் இருக்கும். கேட்டு வாங்கிப் போனால் மறுபடி ஊசி குத்த வேண்டியிருக்காது.

7. பணத்தை நினைத்துச் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் தேவை. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு மருத்துவமனை ஆகிய இரண்டிலும் வசதியற்றவர்களுக்குச் சிகிச்சை உண்டு. வெளியூரிலிருந்து ரயிலில் வருபவர்கள் ஆஸ்பத்திரியில் சலுகைப் படிவம் கேளுங்கள். நோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணமில்லை. துணைக்கு வருபவருக்கும் சலுகை உண்டு.

8. வாய், தொண்டைப் பகுதியில் கதிர்வீச்சு என்றால் அதற்கு முன்பே பல் டாக்டரைப் பாருங்கள். கதிர்வீச்சுக்குப் பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

9. சிகிச்சை முடிந்ததும் ஃபைலைப் பரணில் போட்டுவிடாதீர்கள். முதல் இரண்டு, மூன்று வருடம் டாக்டர் சொல்லும் இடைவெளியில் கட்டாயம் போக வேண்டும். மார்பகப் புற்றுக்கு டமாக்சிஃபென் தந்திருந்தால் குறைந்தது 5 வருடம் விடாமல் சாப்பிட வேண்டும். 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று நிறுத்திவிடுவது பெரிய தவறு.

10. கீமோ நாட்களில் வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். 100.4 டிகிரியைத் தொட்டால் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு காலை வரை காத்திருக்காதீர்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். நள்ளிரவானாலும் ஃபைலை எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போய், "கீமோ நடக்கிறது" என்பதை முதலில் சொல்லுங்கள்.