ஜிம்முக்குக் கிளம்புறவளே, ஒரு நிமிஷம்!

ஜிம்ல சேர்ந்துட்டேன்னு போட்டோ அனுப்பியிருந்தே. பார்த்தேன், சந்தோஷம். கையில ரெண்டு மோதிரம், கழுத்துல தொங்கத் தொங்கச் சங்கிலி, கால்ல மெத்துமெத்துன்னு ஒரு ஷூ. அதைப் பார்த்ததும்தான் கொஞ்சம் பயம் வந்துச்சு.

முதல்ல என் கதையைக் கேளு. மூணு வருஷம் முன்னால எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிட்டது ஞாபகம் இருக்கா? ஓவரா வெயிட் தூக்கிட்டான்னு வீட்ல எல்லாரும் திட்டுனீங்க. அது இல்லடி. செட் எல்லாம் ஒழுங்காத்தான் முடிச்சேன். கிளம்புற அவசரத்துல, தரையில கிடந்த 10 கிலோ பிளேட்டை ஒருக்களிச்சுக் குனிஞ்சு ஒத்தக் கையால எடுத்தேன். அவ்வளவுதான், நிமிர முடியல. பத்து நாள் படுக்கை. ராடைப் பிடிக்கிறப்போ இருக்கிற கவனம், சாமானை எடுத்து வைக்கிறப்போ நமக்கு இருக்கிறதில்ல. டம்பெல்லைத் தரையிலேர்ந்து எடுத்தாலும் சரி, ஸ்டாண்டுல திருப்பி வச்சாலும் சரி, அதுக்கு நேரா நில்லு, முட்டியை மடக்கு, உடம்பை ஒட்டியே தூக்கு. தண்ணிக் குடத்தை எட்டி நின்னு யாராவது தூக்குவாங்களா?

ராடுலேர்ந்து பிளேட் கழட்டுறதும் அப்படித்தான். ஒரு பக்கத்தை மொத்தமா காலி பண்ணினா, மறுபக்கம் கனத்துல சாய்ஞ்சு ராடு எகிறி அடிச்சிடும். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு மாத்தி மாத்திக் கழட்டு. அந்த நீளமான ராடு வெறுமனே 20 கிலோ, பொம்பளைங்களுக்குன்னு செய்றது 15 கிலோ. ஆரம்பத்துல வெறும் ராடே உனக்குப் போதும். அதுவும் கனமாத் தெரிஞ்சா சின்ன டம்பெல் எடு, யாரும் சிரிக்க மாட்டாங்க. சிரிச்சா சிரிக்கட்டும்.

உள்ள போனதும் நேரா வெயிட்டுக்கிட்ட போகாதே. அஞ்சு, பத்து நிமிஷம் வேகமா நட, கையைச் சுத்து, வெயிட் இல்லாம நாலு தடவை உட்கார்ந்து எழுந்திரு. ஒவ்வொரு எக்சர்சைஸுக்கும் முதல் செட்டைப் பாதி வெயிட்ல செய். காலை நீட்டி இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்கிற ஸ்ட்ரெச்சிங் எல்லாம் கடைசியில. அதை முதல்லயே ரொம்ப நேரம் செஞ்சா தசை கொஞ்சம் பலம் குறைஞ்சுதான் நிக்கும்.

கொஞ்ச நாள் போனதும் ‘இன்னும் தூக்கலாமே’ன்னு தோணும். அங்கதான் மாட்டுவே. தசை சீக்கிரம் தேறிடும், அதை எலும்போட கட்டி வச்சிருக்கிற தசைநாண் மெதுவாத்தான் தேறும். தோளும் முட்டியும் புண்ணாகுறது இந்த இடைவெளியிலதான். வெயிட் ஏத்துறதா இருந்தா, இருக்கிறதுலயே சின்ன பிளேட்டா பார்த்து ஏத்து. பக்கத்துல ஒருத்தி டபுளா போட்டுத் தூக்குறாளா, அவ எத்தனை வருஷமா வர்றாளோ!

பெஞ்ச் பிரஸ்ஸைத் தனியா செய்யாதே, தலைமாட்டுல ஒரு ஆள் நிக்கணும். கட்டைவிரல் ராடைச் சுத்தியே இருக்கணும். லெக் பிரஸ்ல காலை நீட்டுறப்போ முட்டியை முழுசா பூட்டாதே. டிரெட்மில்ல ஏறுறப்போ முதல்ல ரெண்டு ஓரத்துலயும் கால் வச்சு நின்னு, மெஷினை மெதுவா ஓட விட்டு, அப்புறம் பெல்ட்ல இறங்கு. மெஷின்ல தொங்குற சிவப்புக் கிளிப் அழகுக்கு இல்ல, டிரெஸ்ல மாட்டு. துப்பட்டாவை வீட்லயே விட்டுடு. மூச்சை அடக்கிக்கிட்டுத் தூக்கினா பிரஷர் ஏறும், சில பேருக்குத் தலை சுத்தும். தூக்குறப்போ மூச்சை விடு, இறக்குறப்போ இழு.

ஸ்கூட்டில விழுந்து முட்டியில அடிபட்டது, உன் வீசிங் ரெண்டையும் டிரெய்னர்கிட்ட நீயே சொல்லு. அவங்களா கேட்பாங்கன்னு காத்திருக்காதே.

வலிக்கும், கண்டிப்பா வலிக்கும். மறுநாளோ அதுக்கு மறுநாளோ தொடையெல்லாம் கனத்து, படி இறங்க முடியாம இருந்தா பயப்படாதே, ரெண்டு மூணு நாள்ல போயிடும். ஆனா மூட்டுக்குள்ள சுளீர்னு குத்தினாலோ, இடுப்புலேர்ந்து கால் வரைக்கும் கரண்ட் மாதிரி இழுத்தாலோ அந்த நிமிஷமே நிறுத்து. வீங்கினா ஐஸ்கட்டியைத் துண்டுல சுத்தி 15, 20 நிமிஷம் வை. சுளுக்கு எடுக்கிறேன், எண்ணெய் போட்டு நீவுறேன்னு அம்மா கிளம்புவாங்க, முதல் ரெண்டு நாள் அவங்க கையில காலைக் கொடுத்துடாதே. காலை ஊனவே முடியலன்னா டாக்டர்கிட்ட போயிடு.

இன்னொண்ணு, இதை நிறைய பேர் சொல்றதில்ல. முதல் நாளே ஆர்வத்துல உடம்பைப் பிழிஞ்சு எடுத்துட்டு, அப்புறம் வலி தாங்க முடியாம, யூரின் பால் விடாத டீ நிறத்துல போச்சுன்னா, தசை சிதைஞ்சு ரத்தத்துல கலக்குதுன்னு அர்த்தம். கிட்னியை பாதிக்கும். அன்னைக்கே ஆஸ்பத்திரி. நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவுற வலி வந்தாலும் அதேதான், ‘கேஸா இருக்கும்’னு சோடா குடிச்சுட்டு உட்காராதே.

வெயிட்ஸ் செய்றதுக்கு அடி தட்டையா இருக்கிற ஷூ ஒண்ணு வாங்கிக்கோ, மெத்துமெத்து ஷூ ஓடுறதுக்கு இருக்கட்டும். நாளைக்குக் கிளம்புறப்போ அந்த ரெண்டு மோதிரத்தையும் சங்கிலியையும் கழட்டி அம்மா கையில கொடுத்துட்டுப் போ.