நிலையாமை என்னும் சொல்

முடிவுடைய பொருள்களின் இயல்பைக் குறித்தற்குத் தமிழில் வழங்கும் சொற்களுள் தலையாயது நிலையாமை என்பது. இச்சொல்லைக் கேட்ட அளவிலே சாவும் துறவும் நினைவிற்கு வருதலின், இளைஞர்க்கும் இதற்கும் இயைபில்லை என்று கருதுவார் உளர். அக்கருத்துப் பொருந்துமா என்பதைச் சொல்லின் பிறப்பைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

நில் என்னும் வினையடியிற் பிறந்தது நிலை. அதன்வழி வந்த எதிர்மறைப் பெயர் நிலையாமை. நிலைமை, நிலையம், நிலுவை என்பனவும் அவ்வடியினவே. எனவே, ஒரு பொருள் அழியும் என்பது இச்சொல்லின் நேர்ப்பொருள் அன்று. நில்லாது என்பதே நேர்ப்பொருளாம். அழிவு ஒருகால் நிகழ்வது. நிலையாமையோ பொருள் உள்ளபொழுதே அதனோடு உடனிருக்கும் இயல்பு. ஓடும் ஆற்றுநீர் நில்லாதது. அதுபற்றி அதனை இல்லாதது என்பார் யார்?

இப்பொருளில் வழங்கும் வடசொல் அநித்தியம். இதன் முதற்கண் உள்ள அகரம் எதிர்மறை குறித்தது. நித்தியம் என்பதன் வடமொழி மூலம் பழைய வேதமொழியில் 'தனக்கே உரியது' என்னும் பொருளும் உடையதாயிருந்து, பின்னர் 'என்றும் உள்ளது' என்பதற்கே சிறந்து வழங்கலாயிற்று. மணிமேகலை பௌத்தர் அறம் உரைக்குமிடத்து இச்சொல்லை அநித்தம் என ஆளுகின்றது. தமிழ் விவிலியத்திலும் அநித்தியம் பயில்கின்றது.

இனி, நூல்வழக்கை நோக்குவோம். தொல்காப்பியம் நிலையாமையைக் காஞ்சித்திணையின் பொருளாகக் கொண்டது. நாலடியார் செல்வம், இளமை, யாக்கை என்னும் மூன்றன் நிலையாமையை முதல் மூன்று அதிகாரங்களில் வைத்தது. திருக்குறளில் இது துறவறவியலைச் சார்ந்த 34ஆம் அதிகாரம். ஆண்டுச் செல்வத்தின் வரவு கூத்தரங்கிற் கூடும் கூட்டத்திற்கும், அதன் போக்கு அக்கூட்டம் கலைதற்கும் உவமிக்கப்பட்டன. அடுத்த குறளிலோ ஆசிரியர் வேறொரு வினையடியைக் கையாளுகின்றார். அல்குதல் என்பது தங்குதல். அல்கா என்பது அற்கா எனத் திரிந்தது. அற்கா இயல்புடைய செல்வத்தைப் பெற்றவர், அற்குவனவாகிய அறங்களை அப்பொழுதே செய்க என்பது அக்குறளின் கருத்து. தங்காததனைக் கொண்டு தங்குவதனை ஆக்கலாம் என்னும் இவ்வுண்மையை, ஒரே வினையடியின் மறையையும் உடன்பாட்டையும் எதிரெதிர் நிறுத்திப் புலவர் விளக்கிய திறம் வியக்கத்தக்கது.

துறவறவியலிலும் இவ்வதிகாரம் செயலையே ஏவுதல் காண்க. நாளைச் செய்வோம் என்று இருத்தற்கு இச்சொல் இடந்தரவில்லை. செய்து என்ன பயன் என்று சோர்தற்கும் இடந்தரவில்லை. கல்விக்கென நமக்கு வாய்த்த ஆண்டுகளும் நில்லாதனவே. ஆதலின் இச்சொல்லை முதியோர்க்கே உரியதென ஒதுக்காது, இளமையிலேயே அதன் பொருளுணர்ந்து, அற்குவனவற்றை ஆங்கே செய்வோமாக.