கைத்தறித் துணியில் கைப்பை: அளவும் தையலும் கூலிக் கணக்கும்

ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து தடை நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கத்தை அரசு தொடங்கியது. இவற்றால் துணிப்பைக்குக் கிராக்கி பிறந்திருப்பது உண்மையே. ஆயினும், விசைத்தறித் துணியை அடுக்கி ஆயிரக்கணக்கில் வெட்டித் தைக்கும் பையோடு விலையில் போட்டியிட நம் அங்கத்தினர்களால் ஆகாது, முயலவும் வேண்டாம். வீட்டிலிருந்து ஒருவர் கையால் செய்யும் பைக்கு வேறொரு சந்தை உண்டு. அதற்கு உதாரணம் நம் தருமபுரி மாவட்டத்திலேயே இருக்கிறது.

அரூர் வட்டாரத்தில், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடைப்பட்டது சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. மருத்துவர்களான ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி தம்பதியர் 1993இல் அங்கே மலைவாழ் மக்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினர். பள்ளத்தாக்கில் வாழும் லம்பாடிப் பெண்டிரின் பூத்தையல் நெடுங்காலம் கைவிடப்பட்டிருந்தது. அதனை மறவாதிருந்த மூத்த பெண்டிர் சிலரிடம் இளையவர்கள் மீண்டும் கற்றனர். ‘போர்கை’ என்னும் கைவினைஞர் சங்கம் உருவாயிற்று. அச்சொல்லுக்கு லம்பாடி மொழியில் ‘பெருமை’ என்பது பொருள். அதே பள்ளத்தாக்கில் இயற்கை முறையில் பருத்தி விளைக்கும் உழவர்களுக்கும் ஒரு சங்கம் உண்டு. அவர்கள் பருத்தி துணியாகிப் பூத்தையலுக்கு வருவதும் உண்டு. விளைப்பவரும் தைப்பவரும் ஒரே ஊரார் என்பதை, இரு தரப்பாரையும் அங்கத்தினராகக் கொண்ட நம் சங்கங்கள் கவனித்தல் நலம்.

இனிப் பைக்கு வருவோம். பூத்தையல் இழைகளை எண்ணிப் போடப்படுவதாகையால், பாவும் ஊடையும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தடித்த துணியே ஏற்றது. பத்தாம் நம்பர் முதல் இருபதாம் நம்பர் வரையுள்ள நூலில் நெய்த சாதா நெசவு போதும். 48 அங்குல அகலத் துணியில் ஒன்றேகால் கெஜம் எடுத்து, ஓர் இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி போக அலசி, நிழலில் உலர்த்தித் தேய்த்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாது தைத்தால், வாங்கியவர் வீட்டில் முதல் சலவையிலேயே பை கோணிவிடும். பிறகு அவர் திரும்பி வாரார்.

நனைத்த துணி 46 அங்குல அகலமும் 36 அங்குலத்திற்குக் குறையாத நீளமும் நிற்பதாகக் கொள்வோம். 17 அங்குல அகலம், 35 அங்குல நீளத்தில் இரு துண்டுகள் வெட்டினால் இரு பைகளுக்கு உடல் கிடைத்துவிடும். எஞ்சிய 12 அங்குல அகலத்தை மூன்று மூன்று அங்குலமாக நான்கு பட்டைகளாக்கி, ஒவ்வொன்றிலும் 24 அங்குலம் எடுத்தால் நான்கு கைப்பிடிகள். மிஞ்சும் துணுக்குகளை வீசாமல் உள்பைக்கு வைத்துக்கொள்க. கைப்பிடியின் நீளம் பாவு ஓடும் வாக்கிலேயே அமைய வேண்டும். குறுக்கே வெட்டிய கைப்பிடி சுமையில் இழுபட்டு நீளும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. ஆனால் வெட்டுபவர் நெசவாளராகவே இருப்பதில்லையே!

பூத்தையலைப் பையாகத் தைப்பதற்கு முன்பே, துணி விரிந்திருக்கும்போதே முடித்துவிட வேண்டும். 35 அங்குல நீளத்தில் இரு முனைகளிலும் ஒன்றரை அங்குலம் வாய் மடிப்புக்குப் போகும். நடுவில் 4 அங்குலம் அடியாகும். எனவே முகம் ஒவ்வொன்றும் 14 அங்குலம். அகலத்திலும் இரு பக்கமும் இரண்டரை அங்குலம் விட்டால் நடுவில் 12 அங்குலம் நிற்கும். அந்தக் கட்டத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, அதற்குள்ளேயே பூத்தையல் அமையட்டும். அளவு பாராது போட்ட வேலைப்பாடு பக்கவாட்டில் பாதி மறைந்துபோவதைப் பல பைகளில் காண்கிறோம். அத்தனை மணி நேர உழைப்பும் வீண்.

உள்பையைப் பூத்தையல் இல்லாத முகத்தில் முதலில் பொருத்துக. பின்பு நல்ல பக்கம் வெளியே தெரியத் துணியை இரண்டாக மடித்து, ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளி இரு பக்கமும் தைத்து, பிசிறைக் கத்தரித்து, உட்புறம் வெளியாகத் திருப்பி மீண்டும் கால் அங்குலத்தில் தைத்தால் பிசிறு உள்ளே அடங்கிவிடும். அடி மூலையை விரித்து, பக்கத் தையல் அடி மடிப்பின்மேல் படியும்படி முக்கோணமாக்கி, கூர்முனையிலிருந்து இரண்டு அங்குலத்தில் குறுக்கே தைக்க வேண்டும். அடி 4 அங்குலம் விரிந்து நிற்கும். வாயை முதலில் அரை அங்குலமும் பிறகு ஓர் அங்குலமுமாக மடிக்கும்போதே, நான்காக மடித்துத் தைத்த கைப்பிடியின் முனைகளை ஆறங்குல இடைவெளியில் உள்ளே செருகுக. முனை ஒவ்வொன்றையும் சதுரமாகத் தைத்து, அதனுள் பெருக்கல் குறிபோல் இருமுறை ஓட்ட வேண்டும். ஒற்றைத் தையலே பைகள் அறுவதற்குப் பெரும்பான்மைக் காரணம்.

இப்போது கணக்கு. இதில்தான் நம் சகோதரிகள் ஏமாறுகிறார்கள். ஒரு பைக்குத் துணி 100 ரூபாய், நூல் முதலியன 15 ரூபாய், தையலுக்கு ஒன்றரை மணி, பூத்தையலுக்கு எட்டு மணி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 ரூபாய் கூலி என்றால் ஒன்பதரை மணிக்கு 380 ரூபாய். அடக்கம் 495 ரூபாய். இப்பையை 250 ரூபாய்க்கு விற்றவர், ‘துணியும் நூலும் போக 135 ரூபாய் லாபம்’ என்று மகிழ்கிறார். அது லாபமன்று, மணிக்குப் பதினான்கு ரூபாய்க் கூலி. அடுப்படி வேலைக்கிடையே செய்ததனால் அந்த நேரத்திற்கு விலையில்லை என்று வீட்டார் எண்ணலாம். சங்கம் அவ்வாறு எண்ணலாகாது.

வாங்குபவர் 300 ரூபாய்க்கு மேல் தாரார் எனில், கூலியைக் குறைக்க வேண்டாம், வேலைப்பாட்டைக் குறைக்கலாம். வாயோரமாக மூன்று மணி நேரத்தில் முடியும் ஒரு கரை மட்டும் போட்டால் அடக்கம் 295 ரூபாயாகிறது. சங்கத்தின் விற்பனைச் செலவு இதற்கு மேல்தான் சேர வேண்டும். அதையும் வாங்குபவர் தரும் விலைக்குள் அடக்க வேண்டுமானால் கரையை இன்னும் ஒடுக்குவதே வழி.

பைகளைச் சரக்கில் ஏற்கும் சங்கங்கள், வரவுப் பதிவேட்டில் எண்ணிக்கைக்கும் விலைக்கும் அருகே ‘வேலை மணி’ என ஒரு பத்தியைக் கோடிட்டுக்கொள்ளட்டும். செய்தவரைக் கேட்டு அன்றே நிரப்ப வேண்டும். பத்துப் பைக்கு ஒன்றாக எடுத்து, ஐந்து கிலோ அரிசியிட்டு ஓர் இரவு ஆணியில் தொங்கவிடுக. காலையில் கைப்பிடித் தையல் விட்டிருந்தால், அந்தப் பத்தையும் ஏற்காமல் மறுதையலுக்கு அனுப்ப வேண்டும். மறுதையலுக்கு ஆகும் நேரத்தையும் அதே பத்தியில் எழுதிவிடுக.